இறக்கத்தில் யானை ஓடாதா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், சனிக்கிழமை ஏற்றம், ஞாயிறு இறக்கம், திங்கள் காலை ஆபீஸ். இப்படித் திட்டம் போட்டு நண்பர்கள் மலைக்குக் கிளம்பும்போது, டிக்கெட் போடுவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் அறிவுரைகள் குவிந்துவிடும். அவற்றைப் படித்தால் ஒன்று புரிகிறது: நம் ஆட்கள் பயப்படத் தெரியாதவர்கள் இல்லை, தப்பான இடத்தில் பயப்படுகிறவர்கள்.

கற்பூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "மேலே ஆக்சிஜன் குறைச்சல், மூச்சு வாங்கினா கற்பூரத்தை மோந்துக்கோ." வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். கற்பூர வாசனை மூக்குக்குள் ஜில்லென்று ஓர் உணர்வைக் கிளப்பும். காற்று தாராளமாக இறங்குவதுபோலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் துளியும் அதிகமாகாது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு. வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு, பஸ்ஸில் கெட்ட தூக்கம், முதல் மலையிலேயே "யார் முன்னாடி" என்ற போட்டி. சாதாரண மூச்சிரைப்பு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அடங்கும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்று வந்தால் அது இதயத்தின் சமாச்சாரம். அப்போது கற்பூரத்தை மோந்து சமாளித்து மேலே ஏற வைப்பதைப் போல ஆபத்து வேறு கிடையாது. 108-ஐ அழைக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் வேகமாக இறங்கக்கூடிய ஒருவரை உதவிக்கு அனுப்ப வேண்டும்.

"ஏறுறதுதான் கஷ்டம், இறங்குறது தானா நடக்கும்" என்பது அடுத்தது. இதய வேலைக்கு அது சரி, காலுக்குச் சரியில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வகை உழைப்புதான் தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்கும். வலி உச்சத்துக்கு வர ஓரிரு நாள் ஆகும். ஆபீஸ் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவரைப் பார்த்தால், வாரக் கடைசியில் எங்கே போனார் என்று கேட்கவே வேண்டாம். இறங்கத் தொடங்குமுன் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் பெருவிரல் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து, நகம் கறுத்துவிடும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை ஏறி முடித்ததும் யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முழங்காலுக்கு அந்தத் தடி தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். முதுகுப்பையில் இடுப்புப் பட்டை இருந்தால் அலங்காரத்துக்கு விடாமல் மாட்டிக்கொள்ளுங்கள். சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

யானைக்கு வருவோம். "யானை துரத்தினா இறக்கத்துல ஓடு, அதால வேகமா இறங்க முடியாது." யார் கிளப்பிவிட்டார்களோ! செங்குத்தான சரிவுகளில் தினமும் ஏறி இறங்கும் பிராணி அது. சமதளத்தில் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். கல்லும் வேரும் உள்ள சரிவில், பத்துக் கிலோ பையோடு ஓடும் மனிதன் அதற்கு முன்னால் தடுக்கி விழுவதுதான் நடக்கும். கிட்டே போய்விட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிப்பதைவிட, கிட்டே போகாமலிருப்பதே வழி. கூடவரும் வேட்டைத் தடுப்புக் காவலரோ பழங்குடி வழிகாட்டியோ சட்டென்று நின்று கையை உயர்த்தினால், "என்ன அண்ணா?" என்று கேட்கக்கூட வேண்டாம். சாணத்தின் ஈரமும் ஒடிந்த கிளையும் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

இத்தனை பயத்துக்கு நடுவே, காய்ந்த புல்லைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே உள்ள சரிவில் பிடித்த காட்டுத் தீயில், மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்குப் பின்னும், "தீ வந்தா மேலே ஓடி உச்சிக்குப் போயிடலாம்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். தீ சமதளத்தைவிட ஏற்றத்தில் வேகமாகப் பரவும். சரிவில் தழல் மேல்பக்கப் புல்லை நோக்கிச் சாய்கிறது. கீழிருந்து எழும் அனல் அந்தப் புல்லை எரிவதற்கு முன்பே உலர்த்திச் சூடேற்றுகிறது. சாய்மானம் பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மனிதனோ ஏற ஏற வேகம் குறைகிறவன். தீ தூரத்தில் இருக்கும்போதே அதன் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். புல் முளைக்காத வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கரித்தரை, இவைதான் புகலிடம். அடர்ந்த புதருக்குள் ஒளிவது விறகுக்குள் ஒளிவதுதான். நைலான், பாலியெஸ்டர் உடுப்பு அனலில் உருகித் தோலோடு ஒட்டும் என்பதையும் கோடையில் பை கட்டும்போது நினைத்துக்கொள்ளலாம்.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. தீக்காலத்தில் பாதை மூடப்பட்டால், "லோக்கல்ல ஆளைப் பிடிச்சா வேற ரூட்ல விடுவாங்க" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். அந்த 'வேற ரூட்டில்' தீ எந்தப் பக்கம் எரிகிறது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மழைக்குப் பிறகு போனால் தீ பயம் இல்லை, அட்டை உண்டு. அதற்கு உப்புப் பொட்டலம், லைட்டர் என்று ஆயுதங்களோடு வருவார்கள். சுட்டால், உப்புப் போட்டால் அட்டை விடும்தான். விடும்போது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு. மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை நுழைத்து நெம்பி, பிறகு பருத்த முனையையும் நெம்பி எறிந்தால் போதும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் காயம் வெகுநேரம் கசியும். சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிவிட்டு நடக்கலாம்.