தாம்போதியில் வெள்ளம்: உழவு இயந்திரத்தை இறக்குமுன்

மாரி மழை பெய்து குளங்கள் வான் பாயும் காலத்தில்தான் எமக்கு ஓட்டமும் அதிகம். விதைநெல்லும் உரமும் வயலுக்குப் போகவேண்டும். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்துகொண்டு தூரத்திலுள்ள சொந்தக் காணியைப் பார்த்துவரும் குடும்பங்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு. வழியில் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்தால் மற்றைய வாகனங்கள் நின்றுவிடும். அப்போது எல்லோரும் தேடுவது உழவு இயந்திரத்தையே. "பெரிய சில்லு, உயரமான மிஷின், இது போகும்" என்பது எம்மிடையே உள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி உண்மையே. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவுப் பகுதியில் மாவடிப்பள்ளி வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை மனதிற் கொண்டே இப்பாடத்தை எழுதுகின்றோம். எந்த நீரில் இறங்கக்கூடாது என்பதை முதலில் பார்ப்போம். இறங்கக்கூடிய நீருக்கு இயந்திரத்தை எப்படி ஆயத்தம் செய்வது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

நீரின் பலம்

நிற்கும் நீர் வேறு, ஓடும் நீர் வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். காலையில் கடந்த அதே ஆழம் மாலையில் வேகம் கூடியதும் ஆளைக் கொல்லலாம்.

இரண்டாவது ஆபத்து மிதப்பு. எமது பெட்டியை எடுத்துக்கொள்வோம். 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள பெட்டியின் தட்டுக்கு மேல் ஒரு அடி நீர் ஏறினால், அது 40 கன அடி நீரை விலக்குகிறது. ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோ. ஆகவே, உள்ளே நீர் புகாத பெட்டியை 1,100 கிலோவுக்கு மேற்பட்ட பலம் மேலே தூக்கும். பல வெறும் பெட்டிகளை மிதக்கவைக்க இது போதும். காற்றடைத்த ரயர்களும் மிதப்பைக் கூட்டும். மிதக்கத் தொடங்கிய பெட்டி தோணியாகிவிடும். தோணியை நீர் இழுக்கும். பெட்டி இயந்திரத்தை இழுக்கும். சாரதி என்ன செய்தும் பயனில்லை.

எனவே மூன்று விதிகளை மாற்றமின்றிக் கடைப்பிடிப்போம்:

1. ஓடும் வெள்ளத்தினூடாகப் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வதில்லை. சிறுபிள்ளைகளை எக்காரணம் கொண்டும் ஏற்றுவதில்லை.

2. ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் இயந்திரத்தை இறக்குவதில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்தாலும், நிற்பவரின் காலை நீர் தள்ளினால் இறக்குவதில்லை.

3. இரவிலும், நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதும், குளத்தின் வான்கதவு திறக்கப்படும் என்ற அறிவித்தல் உள்ளபோதும் இறக்குவதில்லை. அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வெள்ளம் கண்ணிவெடிகளையும் இடம்மாற்றும். யுத்தம் நடந்த பகுதிகளில், தாம்போதி மூடியுள்ளது என்பதற்காகப் பழக்கமில்லாத காட்டுப்பாதையால் சுற்றிப்போக வேண்டாம்.

அளவுத் தடி

வெயில் காலத்திலேயே, சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, ஆளுயரத் தடியொன்றை அதன் அருகே நாட்டுங்கள். முன்சில்லின் நடு அச்சு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அங்கே பச்சைக் கோடு போடுங்கள். றேடியேற்றர் விசிறியின் கீழ்விளிம்பு, காற்று உள்ளே போகும் வாய், டைனமோ, பற்றறி ஆகியவற்றின் உயரங்களையும் பாருங்கள். இவற்றுள் எது மிகவும் தாழ்வோ அங்கே சிவப்புக் கோடு போடுங்கள். தேங்கிநிற்கும் நீர் பச்சைக் கோடு வரை இருந்தால் ஆயத்தத்துடன் போகலாம். சிவப்புக்குக் கிட்ட வந்தால் போகக்கூடாது. இயந்திரம் நகரும்போது முன்னால் அலை எழும் என்பதால் இடைவெளி தேவை.

இந்தத் தடி இயந்திரத்துடனேயே இருக்கட்டும். இரவல் வாங்கி ஓட்டுபவருக்கும் அது வழிகாட்டும்.

லான்ட்மாஸ்ரரின் என்ஜினும் பெல்ற்றுகளும் தாழ்வாக உள்ளன. பெல்ற் நனைந்தால் வழுக்கும், இழுவை போய்விடும். ஆகவே அதற்குச் சில்லின் அச்சுக்குக் கீழேயே எல்லை.

இயந்திரத்தை ஆயத்தம் செய்தல்

காற்று வழி: டீசல் என்ஜின் காற்றை அமுக்கி வேலை செய்வது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் சிறிதளவு நீர் புகுந்தாலும் கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும். எயர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகும் றப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா, கிளிப்புகள் இறுக்கமா என்று கையால் தடவிப் பாருங்கள்.

விசிறி: வேகமாகச் சுற்றும் விசிறி நீரில் பட்டால் அதன் இலைகள் வளைந்து றேடியேற்றரைக் கிழிக்கலாம், நீரை என்ஜின் மீதும் வீசும். கடக்கும் நேரத்துக்கு மட்டும் முன்பக்கக் கம்பிவலைக்கு முன்னால் படங்குத் துண்டொன்றைக் கட்டினால் அலை உள்ளே வராது. கரையேறியதும் அதை அவிழ்க்க மறந்தால் என்ஜின் கொதித்துவிடும்.

சூடு: சூடாயிருக்கும் கியர்ப் பெட்டியும் பின் அச்சும் குளிர்ந்த நீரில் சடுதியாக ஆறும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுத் துவாரங்கள் வழியாகவும் தேய்ந்த சீல்கள் வழியாகவும் நீரை உறிஞ்சும். எனவே இறங்குமுன் அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். ஒயில் மூடிகளும் அளவுக் கம்பியும் இறுக்கமாக இருக்கட்டும்.

கிளச்: சில வாகனங்களில் கிளச் அறையின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். கசியும் ஒயில் வெளியேறுவதற்காக அது வழமையில் திறந்தே இருக்கும். பழைய லான்ட்ரோவர் ஜீப்புகளில் வெள்ளத்தில் இறங்குமுன் அதை மூடுவதற்கென ஓர் ஆணி உண்டு. உங்கள் வாகனத்தில் எப்படி என்று மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். மூடினால், கரையேறிய பின் கட்டாயம் திறக்கவேண்டும்.

கிறீஸ்: முன்சில்லுகளுக்கும் பெட்டிச் சில்லுகளுக்கும் புதுக் கிறீஸ் ஏற்றுங்கள். பற்றறி முனைகளிலும் கிறீஸ் பூசுங்கள்.

கயிறு: பலமான கயிறொன்றை இயந்திரத்தின் பின்புறத்தில் முன்கூட்டியே கட்டி, மறுமுனையைச் சாரதி எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நீருக்குள் மூழ்கிக் கட்ட முடியாது. பெட்டியைக் கழற்றிவிட்டுப் போவதே நல்லது. கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் பின்பலகையைத் திறந்துவிடுங்கள். நீர் உள்ளே புகுந்தால் பெட்டி மிதக்காது.

நீரில் செல்லும்போது

முதலில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், காற்றடைத்த ரியூப்புடன், அளவுத் தடியால் முன்னே குத்திப் பார்த்து நடக்கட்டும். கலங்கிய நீருக்கடியில் தாம்போதியின் ஓரம் அரிக்கப்பட்டிருக்கலாம். கரையோரத் தூண்கள் தெரியாவிட்டால் போக வேண்டாம்.

கரையிலேயே தாழ்ந்த கியரைப் போட்டு, ஆள் நடக்கும் வேகத்தில், ஒரே சீராக ஓட்டுங்கள். நடுவில் கியர் மாற்றவோ கிளச்சை மிதிக்கவோ வேண்டாம். மிதித்தால் கிளச் தட்டுக்குள் நீர் புகும். ஒரு வாகனம் மறுகரை சேர்ந்த பின்பே அடுத்தது இறங்கவேண்டும்.

நடுவில் நின்றுவிட்டால்

ஸ்ராட்டரைத் தொடவேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் இரவல் வாங்கிய உழவு இயந்திரம் ஒன்று இப்படி நின்றபோது, அவசரத்தில் மூன்று தரம் ஸ்ராட் பண்ணினோம். மூன்றாம் தரம் ஒரு சத்தம் கேட்டது. அத்துடன் என்ஜின் போயிற்று. உரிமையாளருக்குப் பதில் சொல்லவே எமக்கு ஒரு போகத்து வருமானம் தேவைப்பட்டது. கயிற்றால் பின்னோக்கி இழுத்தெடுத்து, இன்ஜெக்ரர்களைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பின்பே என்ஜினை இயக்கவேண்டும். நீர் ஏறத் தொடங்கினால் இயந்திரத்தை விட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.

கரையேறிய பின்

படங்கை அவிழ்த்து, கிளச் ஆணியைக் கழற்றுங்கள். பிறேக்கை மெதுவாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டினால் நீர் காயும். அதுவரை பிறேக் பிடிக்காது. மறுநாள் காலை எல்லா ஒயில்களையும் பாருங்கள். ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டக்கூடாது. டீசல் பில்ற்றரின் அடியிலுள்ள நீரைத் திறந்துவிட்டு, சில்லுகளுக்கு மீண்டும் கிறீஸ் ஏற்றுங்கள்.

இழந்தவற்றுக்குப் பின் கடன்பட்டு வாங்கிய இயந்திரம் ஒரு குடும்பத்தின் முழு முதலாக இருக்கும். அதைக் காப்பது எமது கடமை. ஆனால் நெல் ஒரு நாள் தாமதிக்கலாம். வெள்ளமும் ஓரிரு நாளில் வடியும். கரையில் நின்று காத்திருப்பவரைக் கோழை என்று எவரும் சொல்லாத ஊராக எமது ஊர் இருக்கட்டும்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது ஊரின் எந்தத் தாம்போதிகள் மாரியில் மூடுகின்றன? அங்கே அளவுத் தூண் நாட்டுவதற்கு யாரைக் கேட்கலாம்?

2. வீதி மூடும் நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் தங்குவதற்கு மறுகரையில் எந்த வீடுகள் உண்டு?

3. எமது சங்கத்தில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அளவுத் தடி செய்யும் நாளை இன்றே குறிப்போமா?