யானைமலையை வரையப் போகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம்தான் உனக்குக் கிடைக்கும், தெரியும் தங்கச்சி. மதுரையில் இருந்துகொண்டு படம் வரையக் கொடைக்கானல் போகணும் என்று மூக்கால் அழாதே. மாட்டுத்தாவணியைத் தாண்டினால் ஒத்தக்கடை, அங்கேதான் மலை. பஸ் ஏறு.

1. முதலில் யானையை மற. ‘படுத்திருக்கும் யானை’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கை தானாகத் தும்பிக்கை போட்டுவிடும். கண் வைத்துவிட்ட புண்ணியவதிகளும் உண்டு! மலையை விடு, அதற்கு மேலே மிச்சமிருக்கிற வானத்தின் விளிம்பை வரை. வானத்துக்குத் தும்பிக்கை கிடையாதே, அதனால் கண்ணில் படுவதை மட்டும்தான் கை போடும். விளிம்பு சரியாக விழுந்தால் யானை தானே வந்து படுத்துக்கொள்ளும்.

2. ரொம்பக் கிட்டே போகாதே. மலையடியிலிருக்கும் நரசிங்கம் கோயில்வரை போய்விட்டால் எதிரே பாறைச் சுவர்தான். கி.பி. 770-இல் குடைந்த அந்தக் குடைவரைக் கோயில் அருமையானதுதான். அதற்கு இன்னொரு ஞாயிறு வை.

3. ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடு. சாய்ந்த வெயிலில்தான் பாறையின் மடிப்பு தெரியும். உச்சி வெயிலில் மலை தட்டையாகிவிடும். உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் நிழல் விழும் இடங்களை 4பி பென்சிலால் கோடிழுத்து வை. அப்புறம் நிழல் நகரும், நீ கண்டுகொள்ளாதே. துரத்தித் துரத்தித் திருத்தினால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

4. கண்ணைச் சுருக்கிப் பார். இலை, கல், கரண்ட் கம்பி எல்லாம் கரைந்து இருட்டு, வெளிச்சம், நடுத்தரம் மூன்றும் மிஞ்சும். அதைப் போட்டால் போதும். இலை இலையாக வரைய உனக்கு நேரம் ஏது?

5. தாளில் நேர் வெயில் கூடாது. கண் கூசி, சாயத்தைக் கூடுதலாக அப்பிவிடுவாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். மர நிழல் இல்லையென்றால் கறுப்புக் குடை. சிவப்புக் குடை பிடித்தால் தாளும் சிவப்படிக்கும்.

6. படம் வைக்கும் தாங்கி, மடக்கு நாற்காலி என்று கடையைக் காலி பண்ணாதே. தாள், பென்சில், சாயம் போக பரீட்சை அட்டை, இரண்டு கிளிப், தண்ணீர், பழைய துணி போதும். கல்யாணப் பத்திரிகையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டி அதன் வழியாகப் பார். எதை விடுவது என்று புரியும். ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.

வேடிக்கை பார்க்க ஆள் சேரும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. போட்டோ எடுப்பதென்றால் வரைந்து முடித்த பிறகு எடு. தேதியும் மணியும் எழுதி மூடிவிடு. ராத்திரி அடுப்படி வேலை முடித்து உட்கார்ந்து ‘சரி’ பண்ணுகிறேன் என்று படத்தைக் கெடுக்காதே.