குளிர்நீரில் துடுப்புப் போட எந்தக் கையுறை?

நம்ம ஊர் வெயிலுக்குக் கையுறை எதுக்குன்னு சிரிக்காதீங்க. கிரீன்லாந்து, கனடா போன்ற இடங்களில் கயாக் என்னும் ஒல்லிப் படகு ஓட்டுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். குளிர் ஏறினால் நம் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற, கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. பனிநீரில் விழுந்தால் மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். கயாக் கவிழ்ந்தால், இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் துணியின் முன்வளையத்தை இழுத்துத்தான் வெளியே வரணும். விரல் மடங்காவிட்டால்?

நான் வீட்டில் ஐஸ் போட்ட வாளியில் 2 நிமிடம் கையை வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தேன். பொத்தான் விரலில் இருக்குதா இல்லையான்னே தெரியல! (பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது நீங்களும் செய்து பாருங்கள்.)

பருத்திக் கையுறை நனைந்தால் வீண். நியோப்ரீன்தான் நல்லது. 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர் இது. மீன்காரர் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டி போலவே, இதன் நுரைக்குள் அடைபட்ட குமிழ்கள் வெப்பத்தைத் தடுக்கும். 5 மி.மீ. தடிமன் கதகதப்பு, ஆனால் துடுப்பை இறுக்கிப் பிடித்தே முன்கை வலிக்கும். 3 மி.மீ. போதும் என்பது என் கருத்து. லூசாக இருந்தால் புதுத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ரொம்ப இறுக்கமோ ரத்த ஓட்டத்தையே தடுக்கும். அதனால் கடையில் விரலை நீட்டிப் பார்த்தால் போதாது. கையுறையோடு ஒரு கம்பைப் பிடிக்கணும், ஒரு கயிற்று வளையத்தை இழுத்தும் பார்க்கணும்.

நாலு விரலும் ஒரே பைக்குள் போகும் கையுறை இன்னும் சூடு. விரல்கள் ஒன்றுக்கொன்று வெப்பம் கொடுக்குமே! துடுப்பிலேயே மாட்டும் உறையும் உண்டு. அதன் பெயர் போகி. (நம்ம போகிப் பண்டிகைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!) வெறுங்கையால் துடுப்பைப் பிடிக்கலாம்; ஆனால் துடுப்பை விட்டால் கை வெறுங்கைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிரீன்லாந்து வேட்டைக்காரர்களின் பழைய சீல் தோல் கையுறை. அதற்கு இரண்டு கட்டைவிரல்! உள்ளங்கைப் பக்கம் நனைந்தாலோ தேய்ந்தாலோ, அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டு துடுப்பைப் போடுவார்களாம்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு