முதல் வேப் எது வாங்கலாம்? அமீர்பேட் தம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

"சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறலாம்னு பாக்கறேன் அண்ணா. முதல்ல எதை வாங்கலாம்? பாடா, டிஸ்போசபிளா?"

ஹைதராபாத் அமீர்பேட் ஹாஸ்டல்களில் தங்கி ஜாவாவோ டெஸ்டிங்கோ படிக்கும் தமிழ்ப் பையன்களிடமிருந்து வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் உண்மையாகவே சிகரெட்டை விட நினைப்பவர்கள். காலை பேட்ச் முடிந்து லேப் தொடங்குவதற்குள் இரானி சாயோடு ஒரு தம் அடித்தால்தான் தலை ஓடும் என்ற நிலை அவர்களுக்கே பிடிக்காமல் போயிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

திரவம் மாற்றும் பாட் வகையும் வேண்டாம், தூக்கிப்போடும் டிஸ்போசபிளும் வேண்டாம். வேப்பில் நீங்கள் தேடுவது புகையில்லாத நிக்கோடின். அது அமீர்பேட் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளிலேயே, சட்டப்படி, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டுக் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் வழியைத்தான் கீழே சொல்லப் போகிறேன். அதற்கு முன் மூன்று விஷயங்களை முடித்துவிடலாம்.

நீங்கள் இப்போது புகைப்பவரா?

இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இங்கேயே முடிகிறது. மாம்பழ வாசனை, ரூம்மேட் கையில் பார்த்த ஆசை, இன்டர்வியூ பதற்றம் என்று எந்தக் காரணத்துக்காகவும் நிக்கோடினைப் புதிதாகத் தொடங்காதீர்கள். பதற்றத்தால் தூக்கம் கெட்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலும் பேசலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது மின்சிகரெட் தடை. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை போட்டுவிட்டது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே நாடு முழுக்கக் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைப்பதற்குத் தனியாக 6 மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். சப்-இன்ஸ்பெக்டர் நிலையிலிருந்து மேலே உள்ள போலீஸ் அதிகாரிகளுக்குச் சோதனை போடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு.

"குடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். இழுப்பதற்கென்று அந்தச் சட்டத்தில் தனித் தண்டனை எழுதப்படவில்லை என்பது சரிதான். ஆனால் நண்பர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துபாயிலிருந்து வரும் அண்ணனிடம் நாலைந்து கொண்டுவரச் சொல்வது இறக்குமதி. அதை ரூமில் வைத்திருந்து ஆளுக்கொன்றாகக் காசு வாங்கிக் கொடுப்பது விற்பனை. வேலை தேடும் வயதில், பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பும் நேரத்தில், பெயரில் ஒரு வழக்கு ஏறுவது சின்ன விஷயம் அல்ல.

"இதுல நிக்கோடினே இல்ல, அதனால சட்டம் பொருந்தாது" என்பதும் தவறு. நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருளைச் சூடாக்கி இழுக்க வைக்கும் மின் கருவி எல்லாமே அந்த வரையறைக்குள் வரும். இ-ஹூக்காவும் அதில் சேர்த்தி. சாதாரண ஹூக்கா பார்லர்களையும் 2024 பிப்ரவரியில் தெலங்கானா சட்டமன்றம் தடை செய்தது.

சிங்கப்பூர் வேலை கனவு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பை வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்த வேப்கள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் பொருளைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

கருவி எளிமையானது. ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப்பொருள், நிக்கோடின். இழுத்ததும் சுருள் சூடேறித் திரவம் பொடித்துளிகளாக வெளிவரும். புகையிலை எரிவதில்லை, அதனால் சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. இங்கிலாந்தில் புகைப்பவர்களுக்கு, சிகரெட்டை விடும் வழிகளில் ஒன்றாக வேப்பை அரசே கொடுக்கிறது. இதை மறைத்துப் பேசினால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது.

ஆனால் அங்கே ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோடின் கூடாது, தொட்டியில் 2 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது, ஒவ்வொரு பொருளையும் அரசிடம் பதிய வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு தொட்டியில் அதிகபட்சம் 40 மில்லிகிராம். இங்கே ஒளித்து விற்கும் பெட்டியில் 5 சதவீதம், 10 மில்லிலிட்டர் என்று போட்டிருந்தால் அது 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். அந்தப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் உப்பு வடிவ நிக்கோடின் என்பதால் தொண்டையில் எரியாது. எரியாததால் எவ்வளவு இழுத்தோம் என்றே தெரியாது. படிக்கும் மேசையிலும் படுக்கையிலும் கையை விட்டுப் போகாத பழக்கமாகிவிடும். பெட்டியில் அச்சிட்ட எண் உண்மைதானா என்று சரிபார்க்க இந்தியாவில் யாருக்கும் பொறுப்பில்லை, ஏனென்றால் அந்தப் பொருளே இங்கே இருக்கக் கூடாதது.

கள்ளச்சந்தைத் திரவம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 2019இல் நடந்ததே போதும். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் நுரையீரல் பாதிப்புக்கு ஆளானார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது தெரிந்தவர்களிடமும் தெருவிலும் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவம். அதைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் இ அசிட்டேட்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. உருவத்தையும் வாசனையையும் வைத்து வாங்கியவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

இனி செய்ய வேண்டியது

முதலில் உங்கள் பிடிப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எழுந்த பிறகு எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் நிக்கோடின் உங்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கழிவறைக்கே தம்மோடு போகிறவர்கள் இந்த வகை. முதல் வகுப்பு முடிந்து டீக்கடைக்கு வரும்வரை தேடவில்லை என்றால் பிடிப்பு தளர்வானது.

அடுத்து ஒரு தேதி. இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். தேர்வோ இன்டர்வியூவோ ஊருக்குப் போகும் ரயிலோ இல்லாத நாளாகப் பாருங்கள். அந்த நாளுக்கு முன்பே 1800-11-2356 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சிகரெட் பெட்டியின் மேல், அந்தக் கொடூரமான படத்தோடு அச்சிட்டிருக்கிறார்களே, அதே எண்தான். 2016இல் டெல்லியில் தொடங்கிய தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இது. தென்னிந்திய மொழிகளுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் ஒரு மையம் இருக்கிறது, தமிழில் கேட்டால் தமிழில் பேசுவார்கள். தினமும் கையில் பிடிக்கும் பெட்டியிலேயே இருக்கும் எண்ணை எத்தனை பேர் ஒருமுறையாவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேசக் கூச்சமாக இருந்தால் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள், குறுஞ்செய்தியாக ஆலோசனை வரும்.

நிக்கோடின் கம்: அளவும் முறையும்

கம்மை வாங்கி இரண்டு நாளில் "வேலை செய்யல" என்று தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் அதைச் சரியாக மெல்லவில்லை.

மருந்துக்கடையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழுந்து 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவர்களுக்கு 4, மற்றவர்களுக்கு 2. சின்ன அளவை நேரடியாகவே கேட்டு வாங்கலாம், 4 வேண்டுமானால் டாக்டர் சீட்டோடு போங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், தாடை மூட்டில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

குறித்த நாளில் சிகரெட்டை முழுதாக நிறுத்திவிட்டுக் கம்மைத் தொடங்குங்கள். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். சுருக்கென்று காரமோ கூச்சமோ தெரிந்ததும் நிறுத்தி, தாத்தா வெற்றிலையை அடக்குவாரே, அப்படிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கூச்சம் அடங்கியதும் மறுபடி சில மெல்லல், மறுபடி அடக்கல், இந்தமுறை வேறு பக்கம். இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போக வேண்டும். சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல், வயிற்றெரிச்சல், குமட்டல் வரும், தேவைப்பட்ட இடத்துக்கு நிக்கோடின் போயிருக்காது.

மெல்லும்போதும் அதற்கு முந்தைய 15 நிமிடமும் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. காபி, கூல்டிரிங், ஜூஸ் எல்லாம் வாயின் புளிப்பைக் கூட்டி நிக்கோடின் உள்ளே போவதைத் தடுக்கும். அமீர்பேட்டில் இது கஷ்டமான விதி, ஏனென்றால் இங்கே எல்லா இடைவேளையும் டீக்கடையில்தான். டீயை முதலில் முடியுங்கள், வாயைக் கொப்பளியுங்கள், கால் மணி கழித்துக் கம் போடுங்கள்.

முதல் 6 வாரம் 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒரு துண்டு, ஒரு நாளைக்குக் குறைந்தது 9 துண்டு. ஆசை வந்த பிறகு தேடாமல் நேரப்படி போட வேண்டும். சிக்கனம் பார்த்து இரண்டு மூன்றோடு நிறுத்துவதுதான் பலர் மறுபடி கடைக்குப் போவதற்குக் காரணம். அதற்காக அட்டையில் போட்டிருக்கும் நாள் அளவைத் தாண்டவும் வேண்டாம்.

டீ, நண்பர்கள், இரவு

சிகரெட்டை விட்டவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி டீயில் இருக்கிறது. புகையிலைப் புகை, கல்லீரல் காஃபினைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதனால் வழக்கமான நாலு கப் இரானி சாயே இரண்டு மடங்கு குடித்தது மாதிரி படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கலாம். "தம்மை விட்டதுதான் படபடப்புக்குக் காரணம்" என்று தப்பாக நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். முதல் இரண்டு வாரம் டீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எரிச்சல், தலைவலி, கவனம் சிதறுவது ஆகியவை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு ஆசை அலையும் சில நிமிடம்தான். அதைத் தள்ளிப் போடுங்கள், ஒரு பாட்டில் தண்ணீர் குடியுங்கள், மெட்ரோ படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ரூம்மேட்களிடம் தேதியை முன்கூட்டியே சொல்லி, உங்களுக்கு நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்குப் பதில் கைனியோ குட்காவோ வேண்டாம். வாய்ப்புற்றுநோய்க்கு அது நேர்வழி.

ஒரு நாள் வழுக்கி ஒன்று அடித்துவிட்டால், அந்தப் பெட்டியில் மீதி இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துண்டுக் கம்மை நேரத்துக்குப் போடுங்கள். தேதியை மாற்ற வேண்டாம்.

ஏற்கெனவே வேப்புக்குப் பழகிவிட்டவர்களும் அதே 1800-11-2356 எண்ணைக் கூப்பிடலாம், உங்கள் அளவை ஆலோசகரும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். கையில் இருக்கும் கருவியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கம் போதவில்லை என்றால்

அமீர்பேட்டிலிருந்து மெட்ரோ சிவப்புத் தடத்தில் மியாப்பூர் பக்கம் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் எர்ரகட்டா. அரசு நெஞ்சக மருத்துவமனையும் அரசு மனநல மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் ஏறினால் அடுத்த நிறுத்தமே பஞ்சாகுட்டா, அங்கே நிம்ஸ் மருத்துவமனை. ஓ.பி. சீட்டு போடும்போது புகையிலையை நிறுத்த ஆலோசனை வேண்டும் என்று சொல்லுங்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், புப்ரோபியான், வரெனிக்லின் போன்ற மாத்திரைகள் எல்லாம் டாக்டர் பார்த்துத் தருபவை. வலிப்பு வந்ததுண்டு என்றாலோ, மனநலத்துக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கம்மிலேயே போகிறவர்கள் 7ஆம் வாரத்திலிருந்து 9ஆம் வாரம்வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, 10ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம்வரை 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்திவிடலாம். 12 வாரம் கழித்தும் கம் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் தானாக நீட்டிக்காமல் டாக்டரிடம் போங்கள்.