மருத்துவப் பாடம்: கட்டிக்கு இரத்தம் வரும் வழி



 இம்மடலின் மருத்துவப் பாடத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். உடலில் தோன்றும் கட்டி சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்பதைக் கத்தி வைக்காமல் ஸ்கேனிலேயே அறிய முடியுமா?

திருவண்ணாமலை மக்களுக்கு இது தெரிந்த துயரம்தான். 1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கைக்கு அருகே இருந்த சிறு கட்டியை மருத்துவர்கள் அகற்றினார்கள். சில வாரங்களில் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் மறுபடியும் அகற்றியபோது, சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. ரேடியம் சிகிச்சையும் மேலும் இரண்டு அறுவைகளும் நடந்தன. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் காலமானார். வெட்ட வெட்ட வளரும் இத்தகைய கட்டிக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது?

கட்டி வெட்டும் வாய்க்கால்

1971ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இதற்கு ஒரு விடை தந்தார். புதிய இரத்தக் குழாய்கள் கிடைக்காவிட்டால் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்றார். ஏரிப் பாசனம் உள்ள நம் ஊர்களில் இது எளிதில் விளங்கும். களைக்காடு ஒன்று வாய்க்காலை உடைத்துத் தன் பக்கம் தண்ணீரைத் திருப்பிக்கொள்வது போன்றது இது. புற்றுக்கட்டி ‘வி.இ.ஜி.எஃப்.’ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதனால் அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. அந்தக் கிளைகளின் உட்சுவரில் இப்புரதத்தைப் பற்றும் ஏற்பிகள் மிகுதியாக இருக்கும்.

குமிழிகள் காட்டும் தடம்

இன்று பல ஊர்களில் உள்ள கலர் டாப்ளர் ஸ்கேன் பெரிய குழாய்களில் இரத்தம் ஓடுவதைக் காட்டும். மயிரிழையிலும் மெல்லிய புதுக் குழாய்களில் இரத்தம் மெதுவாக ஊர்வதால் அது தெரியாது. அதற்குத்தான் நுண்குமிழிகள். 1968இல் அமெரிக்காவில் கிராமியாக், ஷா என்னும் இரு மருத்துவர்கள், ஊசி மருந்தோடு சென்ற நுண்ணிய குமிழிகள் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதை எழுதினார்கள்.

இன்றைய குமிழி கொழுப்பு அல்லது புரத உறைக்குள் அடைத்த வாயு. அதன் குறுக்களவு சில மைக்ரான்களே; இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. அதனால் எந்த நுண்குழாயிலும் புகுந்து செல்லும். குழாயைவிட்டு வெளியே கசியாது. ஒலி அலை பட்டதும் விரிந்து சுருங்கி வலுவான எதிரொலி தரும். சிறிது நேரத்தில் உறை கரைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடும். இதில் கதிர்வீச்சு இல்லை. மிகச் சிலருக்கு ஒவ்வாமை வரலாம்.

வாய்க்காலில் துரும்பைப் போட்டு நீரோட்டத்தைப் பார்ப்பது போன்றது இது. இலக்கு வைத்த குமிழியோ நாயுருவி விதை போன்றது. அது வேட்டியில் ஒட்டும், பித்தளைக் குடத்தில் ஒட்டாது. அதுபோல, வி.இ.ஜி.எஃப். ஏற்பியைப் பற்றும் மூலக்கூறு ஒன்றைக் குமிழியின் உறையில் பொருத்துகிறார்கள். ஊசி போட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் ஒட்டாத குமிழிகள் போய்விடும். புதுக் குழாய்களில் ஒட்டியவை மட்டும் ஒளிரும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யூர்கன் வில்மானும் அவரோடு உழைத்தவர்களும் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகத்திலோ சினைப்பையிலோ கட்டி இருந்த 45 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில், ஸ்கேன் காட்டியதும் பின்னர் திசுப் பரிசோதனை காட்டியதும் ஒத்திருந்தன.

இன்னொரு பயனையும் எதிர்பார்க்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் போன்ற மருந்துகள் இந்த வாய்க்காலையே அடைக்க முயல்கின்றன. கட்டி சுருங்க வாரங்கள் ஆகலாம். இரத்த ஓட்டம் அதற்கு முன்பே குறையக்கூடும். மருந்து பலிக்கிறதா என்பதைச் சீக்கிரம் அறிந்தால், பலிக்காத மருந்துக்காக ஒரு ஏழைக் குடும்பம் நிலத்தை அடகு வைப்பதைத் தவிர்க்கலாம்.

வரம்புகள்

ஆறும் புண்ணிலும் வீக்கத்திலும்கூடப் புதுக் குழாய்கள் முளைக்கும். ஆகவே ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. இலக்கு வைத்த குமிழி இன்னும் ஆராய்ச்சியில்தான் உள்ளது. கட்டி எது என்று உறுதி செய்வது இன்றும் பயாப்ஸிதான்.

நினைவில் கொள்ள

1. மார்பகத்திலோ கையிலோ கழுத்திலோ புதிய கட்டி தெரிந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

2. ஸ்கேன் எடுத்த மருத்துவர் பயாப்ஸி வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயத்தால் பலர் காலம் தாழ்த்துகிறார்கள்.

3. அகற்றிய கட்டி மீண்டும் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதிய கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் இந்த மூன்றையும் வாசித்துக் காட்டுங்கள். காணிக்கையோடு இந்த உதவியையும் உங்களிடம் கேட்கிறோம்.