மரமும் இரும்பும்: பாயிண்ட் டூ டூ ரைபிளுக்குள் ஒரு மெக்கானிக்ஸ் பாடம்

ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு மரக்கதவு ஊறிப்போய் நிலையில் மாட்டிக்கொண்டதுண்டா? அபிராமபுரம், மந்தைவெளிப் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். கதவு என்றால் ஒரு தள்ளு தள்ளிச் சமாளிக்கலாம். இதே விஷயம் என்.சி.சி. கேம்பில் நீங்கள் சுடும் ரைபிளுக்குள் நடந்தால்? "கை நடுங்குது தம்பி" என்று திட்டு உங்களுக்குத்தான் விழும்!

முதலில் பாகங்களைப் பார்ப்போம். பாயிண்ட் டூ டூ ஒரு ரிம்ஃபயர் ரைபிள். அதாவது, தோட்டாவின் அடிவிளிம்புக்குள்தான் தீப்பற்றும் மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பைத் தட்டும். போல்ட், டிரிகர் எல்லாம் உட்காரும் இரும்புப் பகுதிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். அதன் முன்னால் பேரல். கீழே தாங்குவது ஸ்டாக் என்கிற மரக்கட்டை. கட்டையில் குடைந்த பள்ளத்தில் ஆக்‌ஷனை உட்காரவைத்து, பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். இந்த உட்காரும் விதத்துக்குத்தான் பெட்டிங் என்று பெயர்.

இதில் என்ன பெரிய விஷயம்? கணக்கு போடுங்க. 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. பேரலின் திசை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு மாறினாலே, 50 மீட்டரில் குண்டு சுமார் 14.5 மி.மீ. விலகும். பத்து போச்சு!

மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மாறாது. பச்சை மரம் முழுக்க உலரும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். குறுக்கே, வளையத்தின் தொடுகோட்டுத் திசையில், பல மரங்களில் 5 முதல் 10 சதவீதம். பதப்படுத்திய கட்டையில் மாற்றம் இதைவிட மிகக் குறைவு; ஆனால் நின்றுவிடாது. பள்ளம் சமமாக இல்லையென்றால் ஸ்க்ரூ முடுக்கும்போது இரும்பு லேசாக வளையும். கட்டையின் முன்பகுதி ஊறிப் பேரலைத் தொட்டால், சுடும்போது பேரல் அதிரும் விதமே மாறிவிடும்.

தீர்வு மூன்று. ஒன்று, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விடுவது. பத்து ரூபாய் நோட்டு தடையில்லாமல் நழுவிப் போகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. (சில ரைபிள்களில் வேண்டுமென்றே ஓரிடத்தில் தாங்கு வைத்திருப்பார்கள், அது வேறு.) இரண்டு, ஸ்க்ரூ போகும் துளையில் அலுமினியக் குழாய் பதிப்பது. அப்போது முடுக்கும் விசையை மரம் வாங்காது, நசுங்காது. மூன்று, பள்ளத்தில் எபாக்ஸி ஊற்றி ஆக்‌ஷனின் அச்சாகவே உறையவிடுவது.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நம்ம மெட்ராலஜி லேபில் இருக்கும் டயல் கேஜ் போதும். கேஜைக் கட்டையில் பிடித்து, முள்ளைப் பேரலில் வைத்து, ஒரு ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்த வேண்டும். முள் கணிசமாக நகர்ந்தால், இத்தனை நேரம் ஆக்‌ஷன் வளைந்த நிலையில் முடுக்கப்பட்டிருந்தது என்று அர்த்தம். ஆனால் கேம்ப் ரைபிளில் நீங்களாக ஸ்க்ரூ டிரைவர் வைக்காதீர்கள். அது ஆர்மரர் வேலை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளியோடு வெண்கலம் வென்றார். அதுவும் ரிம்ஃபயர் போட்டிதான். அந்த மட்டத்தில் இன்று அலுமினிய ஸ்டாக்குகள் சகஜம். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: அலுமினியம் ஈரத்துக்கு ஊறாது.

அடுத்த கேம்பில் உங்கள் குரூப்பிங் இறுக்கமாக இருந்தும் ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போனால், உடனே மனம் தளராதீர்கள். நடுங்கும் கை குண்டுகளைச் சிதறடிக்கும். ஒரே இடத்துக்கு அனுப்பாது. பேப்பரைக் காட்டி, "சார், சைட்டையும் ஸ்க்ரூவையும் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.