காசிக்கு ஒரு கோடைப் பயணம்

இமயத்தில் தோன்றும் கங்கையாறு வட இந்தியச் சமவெளியைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது. கிழக்கு நோக்கிப் பாயும் அவ்வாறு, காசி நகரை அடையும் இடத்தில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. நகரம் அதன் மேற்குக் கரையில் அமைந்துள்ளது. ஆதலால் காசியின் படித்துறைகள் கதிரவன் எழும் திசையை நோக்கி நிற்கின்றன. எதிர்க்கரையில் மாளிகைகள் இல்லை. மணல்வெளியே பரந்து கிடக்கிறது. விடியற்காலையில் எழும் முதல் ஒளி தடையின்றிப் படிகளின்மேல் விழுகிறது.

வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடையே அமைந்தமையால் இந்நகருக்கு வாரணாசி என்னும் பெயர் ஏற்பட்டது என்பர். இங்குள்ள படித்துறைகள் 84 எனக் கணக்கிடுவது வழக்கம்.

காசியைக் காணக் குளிர்காலமே ஏற்றது. ஆயினும் பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்வோர் பலரும் கோடையின் தொடக்கத்திலேயே செல்ல நேர்கிறது. ஏப்ரல் மாதத்தில் அங்கே விடியற்பொழுது இதமாக இருக்கும். நண்பகலிலோ வெப்பம் 38 பாகை செல்சியஸை எளிதில் தாண்டும். மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ எனப்படும் அனல்காற்று வீசும். எனவே கோடையில் காசிக்குச் செல்வோர் முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்லுதல் வேண்டும். எவ்வாறு திட்டமிடுவது என்பதைக் கீழ்வரும் நிகழ்ச்சி விளக்குகிறது.

முதல் திட்டம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஏப்ரல் மாதத்தில் வெள்ளி முதல் திங்கள் வரை அமைந்த நான்கு நாள் விடுமுறையில் காசிக்குச் செல்ல முடிவு செய்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பாட்டியும் வந்திருந்தார். அவருக்கு வயது 71. தாத்தா உயிருடன் இருந்தபோது இருவரும் இருமுறை காசிக்குப் புறப்பட எண்ணினர். ஒருமுறை அறுவடையும் மறுமுறை தாத்தாவின் உடல்நலக் குறைவும் குறுக்கிட்டன. கேதார படித்துறையில் விடியற்காலையில் நீராட வேண்டும் என்பதே பாட்டியின் ஒரே விருப்பம். ஆனால் அவருக்கு முழங்கால் வலி இருந்தது.

பயணத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் ஆர்வத்துடன் நூல்களைப் படித்தாள், நிலப்படத்தைப் பார்த்தாள், இரண்டே நாளில் 16 இடங்களைக் கொண்ட பட்டியலை எழுதி முடித்தாள். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஒரு மணி நேரமும் வீணாகாதபடி அப்பட்டியல் அமைந்திருந்தது.

அப்பா அதை முழுவதும் படித்தார். “நன்றாக உழைத்திருக்கிறாய், அம்மா. இதில் பாட்டி எந்த இடத்தில் உட்காருவார்?” என்று கேட்டார்.

மகள் பட்டியலை மீண்டும் பார்த்தாள். அதில் உட்காருவதற்கு இடமே இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கங்கையின் மறுகரையிலுள்ள இராமநகர்க் கோட்டையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அவள் புதிய தாளை எடுத்தாள்.

இரண்டாம் திட்டம்

முதலில் அவள் தொடர்வண்டியை ஆராய்ந்தாள். தில்லியிலிருந்து காசி ஏறத்தாழ 760 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் புறப்படும் வந்தே பாரத் வண்டி சுமார் எட்டு மணி நேரத்தில் அங்கே சேர்த்துவிடும். ஆனால் சென்று சேரும் நேரமோ கடும் வெயில் காயும் பிற்பகல். இரவு வண்டி மெதுவாகச் சென்றாலும் காலையில் சேரும். பாட்டியும் படுத்து உறங்கலாம். ஆகவே வியாழன் இரவு வண்டியையே அவள் தேர்ந்தெடுத்தாள். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குவதால், மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கையைப் பெற அன்றே விண்ணப்பிக்க வேண்டும் எனக் குறித்துக்கொண்டாள்.

அடுத்து, ஒவ்வொரு நாளையும் மூன்றாகப் பிரித்தாள். விடியல் முதல் காலை பத்து மணி வரை வெளியே செல்லும் நேரம். பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை உணவும் ஓய்வும். நான்கு மணிக்குப் பின் மீண்டும் வெளியே செல்லும் நேரம். இவ்வாறு பிரித்ததும் 16 இடங்களுக்கு இடம் போதவில்லை. எவற்றை விடுவது என்னும் வினா எழுந்தது. அவள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குவதை விடுத்து, விடக் கூடாதவற்றை முதலில் எழுதினாள். பாட்டிக்குக் கேதார படித்துறை. தம்பிக்குச் சாரநாத்தின் சிங்கத்தூண். அப்பாவுக்குப் பாரதியார் வாழ்ந்த அனுமன் படித்துறைப் பகுதி. அம்மாவுக்குத் தசாசுவமேத படித்துறையில் மாலைநேர ஆரத்தி.

இவற்றுள் பாட்டியின் நீராட்டையே முதல் விடியலில் வைத்தாள். கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால், அதற்குள் வெயிலில் பாட்டி தளர்ந்துவிடக் கூடும் அல்லவா? ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. கோடையில் கங்கையின் நீர்மட்டம் தாழும். அப்போது நீரை அடைய மிகுதியான படிகளில் இறங்க வேண்டும். திரும்பும்போது அத்தனை படிகளிலும் ஏற வேண்டும். அவள் நெடுநேரம் எண்ணிப் பார்த்து ஒரு வழி கண்டாள். அகலமானதும் சாலையிலிருந்து அணுக எளியதுமான அசி படித்துறையில் படகு ஏறுவது. ஆற்றின் வழியே கேதார படித்துறையின் கடைசிப் படியை அடைவது. பாட்டி நீராடியபின் அதே படகில் அசிக்குத் திரும்புவது. மேலேயுள்ள கேதாரேசுவரர் கோயிலுக்கு மாலையில் தெருப்பக்கமாகச் சென்றால் ஆற்றுப்படிகளில் ஏற வேண்டியதில்லை.

அசியிலிருந்து கேதாரத்துக்குச் செல்லும் வழியிலேயே அனுமன் படித்துறை உள்ளது. பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் தம் அத்தை வீட்டில் தங்கிப் பயின்றார். எட்டயபுரத்திலிருந்து சென்ற அவ்விளைஞர் அங்கே வடமொழியும் இந்தியும் கற்றார், தமிழையும் மறவாதிருந்தார். கேதார படித்துறைக்கு அருகில், குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இன்றும் உள்ளது.

சாரநாத் காசியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புத்தர் தம் முதல் அறவுரையை வழங்கிய இடம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் அசோகரது தூணின் சிங்க முகப்பு வைக்கப்பட்டுள்ளது. அதுவே 1950 ஜனவரி 26 அன்று நாட்டின் சின்னமாக ஏற்கப்பட்டது. நாணயத்தில் மூன்று சிங்கங்களே தெரியும். நான்காவது சிங்கத்தை நேரில் சுற்றிவந்தே காண இயலும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அவள் சாரநாத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினாள். வெளியிலுள்ள தாமேக் தூபியை வெயில் ஏறுமுன் கண்டபின் அருங்காட்சியகத்துக்குள் செல்லலாம் என முடிவு செய்தாள்.

பாட்டி சேர்த்த வரி

மகள் இரண்டாம் திட்டத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். பாட்டி அமைதியாகக் கேட்டபின், “எல்லாருடைய விருப்பமும் இருக்கிறது. உன்னுடையது எங்கே, கண்ணே?” என்றார்.

அவள் தயங்கினாள். மன்னர் இரண்டாம் செயசிங் அமைத்த வான்நோக்குக் கூடம் மான்மந்திர் படித்துறையில் உள்ளது. தில்லி ஜந்தர் மந்தரைப் பலமுறை கண்ட அவள், அதே மன்னர் காசியில் அமைத்ததையும் காண விரும்பினாள். ஆனால் அக்கூடம் மாடித் தளத்தில் உள்ளது. பாட்டியால் ஏற இயலாது என்பதால் அதை அவளே அடித்துவிட்டிருந்தாள்.

“நான் ஏற முடியாத இடத்துக்கு நீ ஏன் ஏறாமல் இருக்க வேண்டும்? சனிக்கிழமை மாலை நானும் உன் அம்மாவும் கோயிலில் அமர்ந்திருப்போம். நீயும் தம்பியும் அப்பாவுடன் சென்று வாருங்கள்” என்று கூறிய பாட்டி, எழுதுகோலை வாங்கி அவ்வரியைத் தம் கையாலேயே எழுதினார்.

இறுதித் திட்டம் இவ்வாறு அமைந்தது:

வியாழன்: இரவு வண்டியில் புறப்படுதல்.
வெள்ளி: காலையில் சேர்தல், ஓய்வு, மாலையில் ஆரத்தி.
சனி: விடியலில் படகு, கேதார படித்துறையில் நீராட்டு, மாலையில் கோயிலும் வான்நோக்குக் கூடமும்.
ஞாயிறு: காலையில் சாரநாத், பகலில் ஓய்வு, இரவு வண்டி.
திங்கள்: காலையில் தில்லி வந்தடைதல்.

16 இடங்கள் குறைந்து ஆறாயின. அவற்றுள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் மனமார விரும்பிய இடமாக இருந்தது.

சொற்பொருள்

படித்துறை – ஆற்றில் இறங்குவதற்குரிய படிகள் அமைந்த இடம்
ஏற்றது – பொருத்தமானது
அணுக – நெருங்க
தளர்தல் – சோர்தல்
தூபி – பௌத்தர் எழுப்பிய குவிமாட வடிவக் கட்டடம்
முகப்பு – இங்கே, தூணின் உச்சிப் பகுதி

வினாக்கள்

1. காசியின் படித்துறைகள் கிழக்கு நோக்கி அமைந்திருப்பதற்குக் காரணம் யாது?
2. விரைவாகச் செல்லும் வண்டியை விடுத்து இரவு வண்டியை மகள் தேர்ந்தெடுத்தது ஏன்?
3. கோடையில் நீர்மட்டம் தாழ்வதால் பாட்டிக்கு நேரவிருந்த இடர் யாது? அதற்கு மகள் கண்ட வழி யாது?
4. சாரநாத் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது ஏன்?
5. “உன்னுடையது எங்கே, கண்ணே?” – இவ்வினாவால் பாட்டியின் எப்பண்பு வெளிப்படுகிறது? ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

நீங்கள் வாழும் நகருக்கு அருகிலுள்ள தொன்மையான ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டார் ஒவ்வொருவரிடமும் அவர் காண விரும்பும் ஓர் இடத்தைக் கேட்டு, இரண்டு நாள் பயணத் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதுங்கள். நடக்க இயலாதவர் எங்கே ஓய்வெடுப்பார் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.